இஞ்சிச் சோடா என்று சொல்லிவைத்தது

அத்தியாயம் ஒன்பது

சௌராஸ்டா பாசாரிலிருந்து வாழையிலைக் கட்டும் வெற்றிலையுமாக நவமணி வீடு திரும்பியபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. கூடையை இறக்கியதும் நேராகக் குளியல் கொட்டகைக்குப் போனாள். நாலு வாரமாக அவளுக்கு அதுவே வழக்கம். அடுப்பைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஈரச் சாக்கைத் தூக்கிப் பார்த்தாக வேண்டும்.

தூக்கினாள். முன்வரிசை முழுதும் காணோம்.

ஐந்து வரிசை நின்ற இடத்தில் நாலு வரிசைதான் இருந்தது. போன பன்னிரண்டு புட்டிகளின் அடையாளமாகச் சிமெண்டுத் தரையில் வட்ட வட்டமாக ஈரம்.

அந்தப் புட்டிகளில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அவள் பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியாது. "இஞ்சிச் சோடா" என்று அவர்களிடம் சொல்லியிருந்தாள். உள்ளே இருந்தது பீர். வெள்ளைக்கார டாக்டர் துரை வீட்டில் பதினோரு வருஷம் சமையல் பார்த்தபோது துரைசானி பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டது. மால்ட் பாகையும் காய்ந்த கசப்புப் பூவையும் சீனியோடு கொதிக்கவிட்டு, ஆறியதும் ரொட்டிக்கடை ஈஸ்டைக் கரைத்துவிட்டு, பெரிய ஜாடியில் நுரைக்க வைத்தாள். பினாங்கு வெக்கையில் ஜாடி சூடேறிவிடாமல் மணிக்கு ஒரு தரம் சாக்கில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினாள். அடங்கியதும் புட்டிகளில் அடைத்து, தக்கை தெறித்துவிடாமல் சணல் போட்டு இறுக்கிக் கட்டினாள். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் காய்ச்சினால் போலீஸ் வரும் என்று தெரிந்தேதான் செய்தாள்.

கேட்டவர் அய்யாக்கண்ணு. மகள் சந்திரிகாவுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன். கடலுக்கு அக்கரையில் பிறை ரயில்வேயில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. பெண் பார்க்க வந்த அன்றே நவமணியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"என் ஆபீஸ் ஆளுங்க வருவாங்க, சம்பந்தியம்மா. விருந்துல பீர் இல்லாட்டி என் மானம் போயிடும். கள்ளு, சம்சுன்னு கூலிச் சரக்கைக் கொண்டாந்து வெச்சிடாதீங்க."

ஈயமும் ரப்பரும் விலை விழுந்து ஊரே படுத்துக் கிடக்கும் இந்த முப்பத்திரண்டாம் வருஷத்தில் கடை பீருக்கு அவள் எங்கே போவாள்? மறுக்கவும் துணிவில்லை. சந்திரிகாவுக்கு இருபத்தைந்து முடிந்துவிட்டது. குடிகாரன் மகள் என்றே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. நவமணி தலையாட்டிவிட்டாள். நாளைக் காலை முகூர்த்தம்.

மகனிடம் மட்டும் சொல்ல முடியாது. வாசு மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர்.

"நூர்ஜான்!" என்று பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். "யாரும் இங்க வந்தாங்களா?"

நூர்ஜான் ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள். "வாசுத் தம்பிதான் வந்துச்சு, அக்கா. கைவண்டியில ஏத்திட்டுப் போச்சு. இன்னைக்குச் சங்கத்துல பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு இஞ்சிச் சோடா கொடுக்கப் போறாங்களாம்லா. உங்ககிட்டச் சொல்லலியா?"

"பிள்ளைங்களுக்கா?"

நவமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

ரிக்‌ஷா இழுத்த சீனன் வயசானவன். "லெக்காஸ், லெக்காஸ்" என்று அவள் அவசரப்படுத்திக்கொண்டே வந்தாள். அவனும் மூச்சிரைக்க ஓடினான். டத்தோ கிராமட் சாலை முழுக்க மாட்டுவண்டிகள். ஒவ்வொரு வண்டிக்குப் பின்னால் நிற்கும்போதும் அவளுக்கு ஒரு பிள்ளையின் கையில் ஒரு தம்ளர் ஏறியதாகவே தோன்றியது.

சங்கத்துக் கூடத்தில் முப்பது நாற்பது பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரமாகப் பெரியவர்கள். மேடையில் வாசு. அச்சுக்கூடத்து மசி நகக்கண்ணை விட்டுப் போகாத கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு என் தங்கச்சி கல்யாணம். ஒரு சொட்டு மது கிடையாது. எங்க அம்மா கையால செஞ்ச இஞ்சிச் சோடாதான். அதை முதல்ல நம்ம பிள்ளைங்க குடிக்கட்டும்!"

கைதட்டல் எழுந்தது. இரண்டு புட்டிகள் ஏற்கெனவே திறந்திருந்தன. சங்கத் தலைவர் பக்கிரிசாமி, ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸராக இருந்து ஓய்வு பெற்றவர், கையில் ஒரு தம்ளரோடு நின்றார். முன்வரிசையில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் தன் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குக் கொண்டு போனாள்.

நவமணி ஆண்களை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அந்தத் தம்ளரை வெடுக்கென்று பிடுங்கினாள். நுரை பிள்ளையின் சட்டையில் தெறித்தது.

"குடிக்காதீங்க! யாரும் குடிக்காதீங்க!"

வாசு மேடையிலிருந்து இறங்கி வந்தான். "என்னம்மா?"

"கெட்டுப்போச்சு தம்பி. புட்டி சரியாக் கழுவல. பூஞ்சை பிடிச்சிருக்கு. குடிச்சா வயித்தால போகும்."

பக்கிரிசாமி தம்ளரை மூக்கருகே கொண்டு போனார். அவர் ஒரு காலத்தில் குடித்தவர் என்பது ஊரறிந்த விஷயம். மேடையில் அவரே சொல்லுவார். தம்ளருக்கு மேலாக அவர் கண்கள் நவமணியைப் பார்த்தன. அவள் பார்வையை விலக்கவில்லை. விலக்கவும் தோன்றவில்லை.

அவர் ஜன்னலுக்கு வெளியே தம்ளரைக் கவிழ்த்தார்.

"அம்மா சொல்றது சரிதான். இது பிள்ளைங்க வயித்துக்கு ஆகாது. வாசு, பானையில மோர் இருக்கு. அதை ஊத்துப்பா."

வாசு நகரவில்லை. அம்மாவின் கையிலிருந்த தம்ளரை வாங்கினான். முகர்ந்தான். பிறகு ஒரு மடக்குக் குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்கியதை நவமணி பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் தம்ளரை மெல்லக் கீழே வைத்தான். "பிள்ளைங்களா, மோர் இருக்கு. வரிசையா வாங்க," என்றான். குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மீதிப் புட்டிகளைத் தானே கைவண்டியில் ஏற்றி, தானே தள்ளிக்கொண்டு வந்தான். அவள் பின்னால் நடந்தாள். கதவைச் சாத்தியதும்தான் திரும்பினான்.

"அப்பாவை எந்தச் சாக்கடையிலேருந்து தூக்கிட்டு வந்தேன்னு ஞாபகம் இருக்காம்மா?"

"எனக்கா ஞாபகம் இல்ல? குளிப்பாட்டுனது நான்டா."

"அப்புறம் எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"அந்த ஆளு குடிச்சுட்டுப் போய்ச் சேந்துட்டாரு. பழி யாரு மேல விழுந்துச்சு? உன் தங்கச்சி மேல. நீ மேடை ஏறிப் பேசினே, ஊரே கை தட்டுச்சு. தட்டினவங்கள்ல ஒருத்தன் பொண்ணு கேட்டு வந்தானா? சொல்லு. வந்தவங்க விருந்துக்குப் பீர் கேட்டாங்க."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்," என்றான் வாசு.

"சொல்லியிருந்தா?"

"வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"அதனாலதான் சொல்லல."

"பிள்ளைங்கம்மா! குடிச்சிருந்தா?"

"நீ என்னைக் கேட்டுட்டா எடுத்துட்டுப் போனே? உன் சங்கத்துக்கு என் வீட்டுக் கல்யாணத்தைத் தூக்கிக் கொடுத்தியே, ஒரு வார்த்தை கேட்டியா?"

உள் அறையில் சேலை சரசரத்தது. சந்திரிகா அறை வாசலில் வந்து நின்றாள். இரண்டு கைகளிலும் அரைத்து அப்பிய மருதாணி. எதையும் தொடாமல் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"பீர் கேட்டது யாரும்மா? அவரா, அவங்க மாமாவா?"

"பெரியவருதான்."

"அவருக்குத் தெரியுமா?"

"ஒரே வீடு. தெரியாமலா இருக்கும்?"

"தெரியுமான்னுதான் கேட்டேன்," என்றாள் சந்திரிகா. நவமணிக்குத் தெரியவில்லை. இத்தனை நாளில் அதை யாரிடமும் கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வாசு ஏணி போட்டு மாவிலைத் தோரணம் கட்டினான். கட்டிய வேகத்தில் இரண்டு தரம் கயிறு அறுந்தது.

நாலு மணிக்கு அய்யாக்கண்ணு வந்தார்.

வெள்ளைக் கோட்டு, கைக்குடை, மடித்துப் பிடித்த ஒரு காகிதம். நாற்காலியில் உட்கார்ந்து, நவமணி கொடுத்த தண்ணீரைக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அந்தக் காகிதத்தைப் பிரித்தார்.

"இறங்குதுறையில ஒருத்தன் கையில திணிச்சான். படிக்கவா?" என்று கேட்டுவிட்டு அவரே உரக்கப் படித்தார். "'ஒரு சொட்டு மதுவுமற்ற திருமணம். தமிழர்களே, திரண்டு வாரீர்.' கீழே என் மருமகன் பேரு. பிச்சைமுத்து. கொட்டை எழுத்துல."

வாசு ஏணியிலிருந்து இறங்கினான். "நான்தான் அச்சுக் கோத்தேன், ஐயா."

"அழகாக் கோத்திருக்கே தம்பி. இது கல்யாணமா, பொதுக்கூட்டமா? நாளைக்கு என் ஆபீஸ் ஆளுங்க இந்த ஊர்ல இறங்கினதும் இதைத்தான் முதல்ல படிப்பாங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. நவமணி பக்கம் திரும்பினார். "சம்பந்தியம்மா, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நாம பேசுனது இருக்கா, இல்லையா?"

இருக்கிறது என்று சொன்னால் மகன் போனான். இல்லை என்று சொன்னால் மகள் கல்யாணம் போயிற்று.

வாசு உள்ளே போனான். கோபத்தில் பின்வாசல் வழியாகவே போய்விட்டான் என்று அவள் நினைத்தாள். ஆனால் அவன் திரும்பி வந்தான். ஒரு கையில் புட்டி, ஒரு கையில் தம்ளர்.

அய்யாக்கண்ணுவுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து சணலை அறுத்தான். தக்கை சத்தத்தோடு கழன்றது. ஊற்றினான். நுரை பொங்கி அவன் விரல்களில் வழிந்தது.

"குடிங்க, ஐயா," என்றான். "பேசுனது இருக்கு. நாளைக்கு நான் சங்கத்துலேருந்து விலகிடறேன். என் தங்கச்சி நல்லா இருந்தா போதும்."

அய்யாக்கண்ணு பாதித் தம்ளரை ஒரே மூச்சில் குடித்தார். அவர் புருவம் உயர்ந்தது. "அடடே! இது வீட்டுல காய்ச்சினதா? கடைச் சரக்கு பிச்சை வாங்கணும்."

வேறொரு நாளாக இருந்தால் அந்த வார்த்தைக்கு நவமணி பூரித்துப் போயிருப்பாள். இப்போது அவள் கண் வாசுவின் கையில் நின்றது. அவன் அந்தக் கையை வேட்டியில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"போதுங்க. வெச்சிடுங்க," என்றாள்.

"என்னது?"

"தம்ளரை வெச்சிடுங்க. நாளைக்கு விருந்துல பீர் கிடையாது."

"அம்மா!" என்றான் வாசு.

"நீ சும்மா இரு." அவள் அய்யாக்கண்ணுவுக்கு நேராக நின்றாள். "சரின்னு தலையாட்டுனது நான்தாங்க. மறைச்சதும் நான்தான். ஆனா என் புள்ளையை முட்டி போட்டு ஊத்த வெச்சு என் பொண்ணைக் கட்டிக் கொடுக்க மாட்டேன். அதுக்கு நான் ஆள் இல்ல."

அய்யாக்கண்ணு தம்ளரைக் கீழே வைத்தார். காகிதத்தை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். வாசற்படியில் நின்று குடையை விரித்தார்.

"காலையில ஏழு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் துறைக்கு வரணும். நீங்க வேணும்னா வந்து நின்னு பாருங்க, யாராச்சும் வர்றாங்களான்னு."

அவர் தெருமுனை திரும்பியதும் சந்திரிகா உள் அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"அண்ணே, இங்கேருந்து பிறைக்குத் தந்தி அடிச்சா எவ்வளவு நேரத்துல போகும்?"

"பத்து, பதினைஞ்சு நிமிஷம். ஏன்?"

"அவர்தானே ஸ்டேஷன்ல தந்தி மேசையில உக்கார்ந்திருக்கார். மாமா அஞ்சு மணி ஃபெரியைப் பிடிச்சு அக்கரையில இறங்க அரை மணி ஆகும். அதுக்குள்ள நாம சொல்றது அவர் காதுல விழுந்துடும்."

"பொண்ணு வீட்டுலேருந்து மாப்பிள்ளைக்குத் தந்தியா?" என்றாள் நவமணி. "ஊர்ல என்ன பேசுவாங்க?"

"பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு 'உங்களுக்குச் சம்மதமா'ன்னு என்னைக் கேட்டாரும்மா. எல்லார் முன்னாலயும். இன்னைக்கு நான் அவரைக் கேக்கறேன்." மருதாணிக் கைகளை அவள் உயர்த்திக் காட்டினாள். "அண்ணே, எழுதிக்கோ. பீர் கிடையாது. மாமா கோபமாக வருகிறார். நான் காத்திருக்கிறேன். நீங்கள் வருவீர்களா?"

வாசு பென்சிலை எடுத்தான். அச்சுக் கோப்பவனுக்கு வார்த்தையைக் குறைக்கத்தான் கை வரும். "'கோபமாக' வேணாம். புரிஞ்சுக்குவார்."

"இருக்கட்டும். தெரிஞ்சே வரட்டும்."

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான்.

நவமணி குளியல் கொட்டகைக்குப் போனாள். சாக்கை முழுதாக உருவி எறிந்தாள். முதல் புட்டியின் சணலை அறுத்துச் சாக்கடையில் கவிழ்த்தாள். பிறகு அடுத்தது. பதில் எப்படி வந்தாலும் இது இனி இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பழுப்பு நுரை கால்வாய் முழுக்கப் புரண்டு ஓடியது. நூர்ஜான் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். ஒன்றும் கேட்காமல் சாத்திக்கொண்டாள்.

சந்திரிகா கிணற்றடியில் கை நீட்டியபடி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் வந்திருந்துச்சு," என்றாள் நவமணி கடைசிப் புட்டியைக் கவிழ்த்தபோது. "ஒண்ணுகூட வெடிக்கல, பாரு."

"உன் கைப்பக்குவம்மா," என்றாள் சந்திரிகா.

ஐந்தே முக்காலுக்கு வாசுவின் சைக்கிள் மணி கேட்டது. வேர்த்து ஒழுக உள்ளே ஓடி வந்தான். பதில் தந்தியின் உறையை அவனே பிரித்துத் தங்கையின் முகத்துக்கு நேராகப் பிடித்தான். சந்திரிகா படித்தாள். அவள் உதடு அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை.

"என்னடி சொல்றாரு?" நவமணியால் பொறுக்க முடியவில்லை.

"ஆறு மணி ஃபெரியில வர்றாராம். நேர்ல பேசணுமாம்."

"வர்றாரா? கல்யாணத்துக்கு முந்தின நாளா? எதுக்கு?"

"தெரியலம்மா."

சந்திரிகா எழுந்தாள். தொட்டித் தண்ணீரில் கைகளை முக்கி மருதாணியை உரித்துவிட ஆரம்பித்தாள். நவமணி பதறினாள். "இன்னும் பிடிக்கலடி!"

"பிடிச்ச வரைக்கும் போதும். நான் துறைக்குப் போறேன்."

கல்யாணப் பெண் தெருவில் இறங்கக் கூடாது என்று சொல்ல நவமணி வாயெடுத்தாள். மகள் முகத்தைப் பார்த்ததும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அவளும் கூடவே நடந்தாள். வாசு முன்னால் போனான்.

துறையில் ஃபெரி வந்து நின்றபோது வெளிச்சம் மிச்சம் இருந்தது. கூலிகள் மூட்டைகளோடு இறங்கினார்கள். ரயிலில் வந்த சீனக் குடும்பம் ஒன்று இறங்கியது. கடைசியாகத்தான் பிச்சைமுத்து வந்தான். ஸ்டேஷன் உடுப்பைக்கூட மாற்றியிருக்கவில்லை. ஒரு தோள் சரிந்திருந்தது. கையில் கனமான தகரப் பெட்டி.

வீட்டை விட்டே வந்துவிட்டானா என்று நவமணி அந்தப் பெட்டியைப் பார்த்தாள்.

அவன் சந்திரிகாவுக்கு எதிரில் வந்து பெட்டியைக் கீழே இறக்கினான். நவமணியையும் வாசுவையும் பார்த்துக் கைகூப்பினான். பிறகு அவளைப் பார்த்தான்.

"பீர் விஷயம் எனக்குத் தெரியாது. தந்தியைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது," என்றான். "மாமா வீட்டுக்கு இனிமே நான் போறதா இல்ல. ஆனா அதுக்குக் காரணம் பீர் இல்ல. வேற ஒண்ணு இருக்கு. முன்னாலயே சொல்லியிருக்கணும், மாமா சொல்ல விடல. அதைக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நாளைக்குக் கல்யாணம் இருக்கா இல்லையான்னு."

வாசு ஒரு அடி முன்னால் வந்தான். நவமணி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

சந்திரிகா பாதி சிவந்த உள்ளங்கையால் நெற்றி மயிரை ஒதுக்கிக்கொண்டாள்.

"சொல்லுங்க," என்றாள்.